எதிர்பாராச் செலவு

நான் 1984-ல் சாலை வேலையில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்தபோது, எங்கள் பிரிவின் பாதுகாப்புச் சாமான் முழுவதும் ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆறு அரிக்கேன் விளக்கு, கொஞ்சம் சிவப்புத் துணி, ஒரு வாளி, சுண்ணாம்பு. கல்வெர்ட்டுக்குப் பள்ளம் தோண்டினால் இரண்டு பக்கமும் காலித் தார் டிரம்களை நிறுத்திச் சுண்ணாம்பு அடிப்போம். பொழுது சாய்ந்ததும் வாட்ச்மேன் அரிக்கேனுக்குச் சிவப்புத் துணி சுற்றி டிரம் மேல் வைப்பார். காற்றில் அணைந்தால் அணைந்ததுதான். சில ராத்திரிகளில் மண்ணெண்ணெயை யாராவது வடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற காலம், யாரைக் குற்றம் சொல்ல? ஒருநாள் விடிகாலையில் ஒரு சைக்கிள்காரர் பள்ளத்துக்குள் கிடந்தார். கால் முறிந்திருந்தது. கான்ட்ராக்டர் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அப்படி ஒரு பதிவேடே கிடையாது.

‘ரிஸ்க்’ என்ற சொல்லை அந்த அலுவலகத்தில் யாரும் சொல்லிக் கேட்ட நினைவில்லை. எஸ்டிமேட்டில் ஒரு வரி மட்டும் இருந்தது. மண் வேலை, ஜல்லி, தார், பாலம் என்று எல்லாம் முடிந்தபின், கூட்டுத்தொகைக்குச் சற்று மேலே ‘எதிர்பாராச் செலவு’ என்று எழுதி, இரண்டரையோ மூன்றோ சதவீதம் போடுவோம். மழை, மண் சரிவு, சிமெண்ட் தட்டுப்பாடு, கோர்ட் ஸ்டே, சாமி மரத்தை வெட்ட விடாத ஊர் எல்லாம் அந்த மூன்று சதவீதத்துக்குள்தான் குடியிருந்தன. உண்மையில் அந்தப் பணம் ஜீப் ரிப்பேருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் வருகிறவர்களின் மத்தியானச் சாப்பாட்டுக்கும் போனது. மழை வந்தால் வேலை நின்றது. நின்ற வேலைக்கு யாரும் கணக்குப் போடவில்லை. மூன்று வருடத்தில் முடிய வேண்டிய பாலம் எட்டு வருடம் இழுத்தால், அந்த ஐந்து வருட நஷ்டம் ஆற்றைச் சுற்றிப்போன பஸ்ஸிலும், வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு காத்துக்கிடந்த லாரியிலும் இருந்தது. எங்கள் ஃபைலில் இல்லை.

தாரையும் சிமெண்டையும் அப்போது அரசாங்கமே வாங்கிக் கொடுக்கும். விலை ஏறினால் அரசாங்கத்துக்கு. மண் மோசமாக இருந்தால் அரசாங்கத்துக்கு. டிசைன் தப்பென்றால் அதுவும் அரசாங்கத்துக்கே. கான்ட்ராக்டர் ஆளையும் ரோலரையும் கொண்டுவருவார், அளந்து ‘எம் புக்’ என்ற அளவுப் புத்தகத்தில் எழுதினால் பில் வாங்கிக்கொண்டு போவார். ஆபத்து முழுவதும் ஒரே இடத்தில் குவிந்துகிடந்தது. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் சொந்தப் பையில் கை வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

எங்களுடையது கரிசல் பூமி. வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஒரு மழை பெய்தால் அதே மண் ஊதிக்கொண்டு எழும்பி, மேலே இருக்கும் சாலையை அலைபோல் தூக்கிவிடும். அதன் வலுவை அளக்க சி.பி.ஆர். சோதனை உண்டு. மண்ணை அச்சில் இடித்து நாலு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இரும்புத் தண்டை அழுத்திப் பார்க்க வேண்டும். கரிசலுக்குப் பெரும்பாலும் இரண்டு சதவீதத்தைச் சுற்றித்தான் வரும். லேப் நாற்பது மைல் தள்ளி இருந்ததால் நாங்கள் எல்லாவற்றுக்கும் அனுப்புவதில்லை. எங்கள் ரோடு இன்ஸ்பெக்டர், அந்த ஊர்க்காரர், மண்ணை உருட்டிக் கையில் வைத்துப் பார்ப்பார். “சார், இந்த இடத்துல ரெண்டு அடி கிராவல் போடாட்டா அடுத்த ஐப்பசிக்கு நம்ம ரெண்டு பேரும் இங்கதான் நிக்கணும்” என்பார். அவர் சொன்னது நடக்கும். ஆனால் எஸ்டிமேட்டில் ஒன்பது அங்குலம்தான் இருக்கும். அவர் சொன்னதை எழுதுவதற்குக் கட்டம் இல்லை. ஐப்பசியில் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் நின்றோம்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. தார் காய்ச்சும் டிரம் பக்கம் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்ற பெண்களின் கைகளை நான் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் தார் தெறித்த தழும்பில்லாத கை அரிது.

மாற்றம் எங்கள் பக்கம் வந்தது தங்க நாற்கரத்தோடுதான். 1999 ஜனவரியில் வாஜ்பாய் அடிக்கல் நாட்டினார். டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர் சாலை. கூடவே காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை இன்னொரு நேர்கோடு. எங்கள் பக்கத்தில் அது பழைய ஏழாம் எண், இன்றைய 44. அந்த வேலைகளோடு புது ஒப்பந்தப் புத்தகங்களும் வந்தன. ஃபிடிக் என்று ஒன்று. உலகமெங்கும் பொறியாளர் சங்கங்கள் சேர்ந்து 1957 முதல் அச்சிட்டுவரும் மாதிரி ஒப்பந்தம். அதைப் படித்தபோதுதான், எங்கள் இன்ஸ்பெக்டரின் ஐப்பசிக் கவலைக்கு ஒரு ஷரத்து இருப்பது எனக்குத் தெரிந்தது. அனுபவமுள்ள கான்ட்ராக்டரால் முன்கூட்டி ஊகிக்க முடியாத நிலம் அடியில் கிடந்தால், கூடுதல் செலவும் கூடுதல் நாளும் வேலை கொடுத்தவர் தலையில். ஊகித்திருக்க முடியும் என்றால் கான்ட்ராக்டர் தலையில். ‘அனுபவமுள்ள’ என்ற அந்த ஒரு சொல்லை வைத்து ஏழு வருடம் ஆர்பிட்ரேஷன் நடந்த வழக்கில் நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். எங்கள் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும்.

அந்தக் காலத்தை நினைக்கும்போது ஒருவரைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. சத்யேந்திர துபே, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், நாற்கரத்தின் பிகார்ப் பகுதியில் வேலை பார்த்தார். பெரிய நிறுவனங்கள் எடுத்த வேலை திறமையில்லாத சின்னக் கைகளுக்கு மறுகான்ட்ராக்டாகப் போகிறது, பணம் கசிகிறது என்று 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் கடிதம் மேசை மேசையாகப் பயணம் செய்தது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறி என்று விசாரணையில் முடிவானது, பலர் அதை நம்பவில்லை. ஊழலை வெளிக்கொணர்பவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2014-ல். இன்றைய எந்த ரிஸ்க் பட்டியலிலும் ‘உண்மையை எழுதுகிற பொறியாளர்’ என்று ஒரு வரி கிடையாது.

பட்டியல் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். இப்போது ஒவ்வொரு பெரிய வேலைக்கும் ‘ரிஸ்க் ரிஜிஸ்டர்’ உண்டு. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கும் வேலைகளில் ஆரம்பித்த பழக்கம், மெதுவாக எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு ஆபத்துக்கும் இரண்டு மார்க். நடக்கிற வாய்ப்புக்கு ஒன்றிலிருந்து ஐந்து, நடந்தால் வரும் சேதத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து. பெருக்கினால் வருவதற்கு ஏற்ப பச்சை, மஞ்சள், சிவப்பு. பக்கத்துக் கட்டத்தில் தணிக்கும் வழி, அதற்கடுத்த கட்டத்தில் பொறுப்பாளர். ஐடியா நல்லது. எங்கள் காலத்தில் இதில் பாதி இருந்திருந்தால் அந்த சைக்கிள்காரர் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார். வேலை நடக்கும் இடத்தில் எத்தனை மீட்டருக்கு முன்னால் பலகை, எங்கே விளக்கு, எங்கே கொடிக்காரர் என்று இந்திய சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 55 சொல்கிறது. மினுங்கும் சட்டை போடாதவரை உள்ளே விடாத சைட்டுகளைப் பார்க்கிறேன். இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் சிவப்பு ஐந்துக்கும் மஞ்சள் மூன்றுக்கும் நடுவே ஓர் ஆற்றையே தொலைத்துவிட முடியும். சென்னைத் துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலச் சாலை கதை அப்படித்தான். கண்டெய்னர் லாரிகள் நகரத்துக்குள் தேங்காமல் இருக்க 19 கிலோமீட்டருக்கு உயர்த்திய சாலை. 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 2,000 கோடிக்கும் கீழே. கூவம் ஓரமாகவும் கூவத்துக்குள்ளும் தூண்கள் எழுந்தன. 2012-ல், ஆட்சி மாறிய பிறகு, ஆற்றுக்குள் தூண் வைத்தது அனுமதித்தபடி இல்லை, வெள்ளம் தடைபடும் என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. அப்புறம் வழக்கு. தூண்கள் பத்து வருடம் அப்படியே நின்றன. கம்பி துருப்பிடித்து, தலையில் காக்கை உட்கார்ந்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அடையாளமாகிப் போயின. 2022 மே மாதம் மறுபடியும் அடிக்கல். இந்தமுறை இரண்டடுக்கு, கீழே ஊர் வண்டி, மேலே துறைமுக லாரி. மதிப்பீடு 5,800 கோடிக்கு மேல். இந்த ஆபத்தை மண் சோதனை காட்டியிருக்காது, டிராஃபிக் கணக்கும் காட்டியிருக்காது. இரண்டு அரசாங்கங்கள், ஓர் ஆறு, ஒரு தேர்தல்: இதற்கு ஐந்துக்கு எத்தனை மார்க் போடுவது? போடுகிற தைரியம் எந்த கன்சல்டன்ட்டுக்கு வரும்?

நிலமும் அப்படித்தான். முன்பு சாலையோரம் புறம்போக்கு, அதில் புளியமரம், வருடா வருடம் புளி ஏலம். அகலப்படுத்த மரத்தை வெட்டினால் போதும் என்று நினைத்தோம். நாலு வழி, ஆறு வழி வந்ததும் பட்டா நிலத்துக்குள் போக வேண்டியிருந்தது. 2013-ம் வருடச் சட்டத்தின் இழப்பீட்டு முறை 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைக்கும் பொருந்தும் என்றானபின் விவசாயிக்குக் கிடைப்பது கூடியது. அது நியாயம்தான். ஆனால் நிலத்தின் செலவு சாலையின் செலவையே எட்டிப்பிடிக்கும் இடங்களும் வந்தன. பாதி நிலம் கையில் இல்லாமலே வேலையைக் கொடுத்து, கான்ட்ராக்டர் மெஷினை இறக்கிவிட்டு வாடகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கதைகள் ஏராளம். இப்போது 80 அல்லது 90 சதவீத நிலம் கைக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கும் தேதியே குறிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. மீதி நிலம் எப்போதும் ஒரு பாலத்தின் நடுவிலோ பைபாஸ் திரும்பும் இடத்திலோதான் இருக்கும்.

மண்ணையும் சொல்ல வேண்டும். கரை உயர்த்த ஏரி மண் வெட்டுவது எங்களுக்குப் பேச்சே இல்லை. தாசில்தாருக்கு ஒரு கடிதம், அவ்வளவுதான். 2012-ல் சிறு கனிமங்களுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலை, குழாய் போன்ற நீளவாக்கு வேலைகளுக்கு மட்டும் மண் எடுக்க 2020-ல் விலக்குக் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. ஏரிகளை நாங்கள் வெட்டிய விதம் நினைவிருப்பதால், தீர்ப்பைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் நடுவில் டெண்டர் போட்டவர் எந்த விலையை எழுதுவார்?

பணத்தின் ஆபத்து யார் கையில் என்பதும் மாறிக்கொண்டே வந்தது. 2010-ஐ ஒட்டிய வருடங்களில் எல்லாம் பி.ஓ.டி. நீயே கடன் வாங்கு, நீயே கட்டு, சுங்கம் வசூலித்து எடுத்துக்கொள். எத்தனை வண்டி ஓடும் என்ற ஊகத்தின் மேல் கம்பெனிகள் பாய்ந்து பாய்ந்து ஏலம் கேட்டன. சிலர் அரசாங்கத்துக்கே வருடா வருடம் பணம் தருவதாகச் சொன்னார்கள். 2013-ல் கிஷன்கட் - உதய்ப்பூர் - அகமதாபாத் போன்ற பெரிய வேலைகளிலிருந்தே கம்பெனிகள் விலகின. பொதுத்துறை வங்கிகளின் புத்தகத்தில் சாலைக் கடன் வாராக்கடனாகக் குவிந்தது. கான்ட்ராக்டர் தலையில் ஏற்றிய ஆபத்து வங்கி வழியாக நம் டெபாசிட்டுக்கு வந்துவிட்டது. 2016-ல் ‘ஹாம்’ வந்தது. கட்டும்போது 40 சதவீதம் அரசு தரும், மீதியைக் கம்பெனி போட்டு 15 வருடத் தவணையில் திரும்ப வாங்கும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது அரசின் கவலை. தாங்கக்கூடியவர் தோளில் பாரத்தை வை என்ற ஏற்பாடு. எங்கள் மூன்று சதவீதத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் டிசைனும் அடிமண்ணும் இப்போது முழுக்க எடுத்தவர் தலையில். எடுத்தவர் இன்னொருவரிடம் கொடுக்கிறார். அவர் மேஸ்திரியிடம் கொடுக்கிறார்.

கடைசியில் ஆபத்து வேலையாள் தலையில்தான் வந்து நிற்கிறது. 2023 நவம்பர் 12-ல் உத்தரகாண்டின் சில்க்யாராவில், கட்டிக்கொண்டிருந்த சாலைச் சுரங்கப்பாதை இடிந்து 41 பேர் உள்ளே மாட்டினார்கள். பெரும்பாலும் ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், பிகார், ஒடிசா ஆட்கள். நாலரைக் கிலோமீட்டர் சுரங்கம். தப்பிக்கும் வழியோடுதான் அனுமதி பெற்றது. அவர்கள் தப்பிக்க வழி இல்லை. பதினேழு நாள். துளையிடும் இயந்திரம் உடைந்துபோக, கடைசிச் சில மீட்டர்களைக் கையால் குடைந்து அவர்களை வெளியே எடுத்தவர்கள் ‘எலிவளை’த் தொழிலாளர்கள். ஆபத்தான முறை என்று மேகாலயாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்த அதே வேலை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் என்னைத் தூங்கவிடாதது. பாலம் கட்ட வெள்ள அளவு வேண்டும். அன்று ஆற்றோரக் கோயில் சுவரில் கறை பார்ப்போம், ஊரில் வயசான ஆளைத் தேடிப் பிடிப்போம். “அந்த வெள்ளத்துல தண்ணி எங்க நின்னுச்சு தாத்தா?” அவர் பனைமரத்தைக் காட்டுவார். நாங்கள் லெவல் எடுத்துக்கொள்வோம். அதற்கு மேல் 50 வருட வெள்ளத்துக்குக் கணக்கு. இப்போது விதி 100 வருடத்துக்கு உயர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் மாதிரி, செயற்கைக்கோள் படம், ட்ரோன் எல்லாம் உண்டு. ஆனால் ‘நூறு வருட வெள்ளம்’ என்ற பெயரே ஆளை ஏமாற்றும். நூறு வருடத்துக்கு ஒருமுறை முறைவைத்து வருவது என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் அர்த்தம், ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான். நூறு வருடம் நிற்கும் பாலம் அதை ஒருமுறையாவது பார்க்க நூற்றுக்கு 63 வாய்ப்பு. கட்டுகிற மூன்று வருடத்திலேயே பார்க்கக்கூட நூற்றுக்கு மூன்று. அதுவும் பழைய மழையை வைத்துப் போட்ட கணக்கு. மழை மாறினால் கணக்கும் கோணும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்துத் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடியில் கட்டிய பாலம், திறந்து மூன்றே மாதம் ஆகியிருந்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது. பாலம் 54,000 கன அடிச் சொச்சத்துக்கு வடிவமைத்தது, வந்ததோ 2 லட்சத்துக்கு மேல் என்று அரசு விளக்கம் சொன்னது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அணைக்குக் கீழே பாலம் போடுகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியது மேகத்தையா ஷட்டரையா என்று எங்கள் இன்ஸ்பெக்டர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

அடுத்த மே மாதம் கேரளத்தில் கூரியாடு. மலப்புரம் மாவட்டத்தில் ஆறுவழியாகிக்கொண்டிருந்த 66-ம் எண் சாலை, வயல்மேல் உயர்த்திய கரையோடு உட்கார்ந்து, பக்கத்துச் சர்வீஸ் ரோட்டையும் இழுத்துக்கொண்டது. அவ்வளவு உயரக் கரையைச் சுமக்க அடியில் இருந்த வயல் மண்ணுக்கு வலுவில்லை. நிறுவனத்துக்கும் கன்சல்டன்ட்டுக்கும் தடை, நிபுணர் குழு, கடைசியில் கரைக்குப் பதில் தூண்மேல் சாலை. வயல் தண்ணீர் கட்டும் என்பது நாற்று நட்டவர்களுக்கெல்லாம் தெரியும். அவர்களைக் கேட்கவும் கட்டம் இல்லை போலும்.

போன ஐப்பசியில், நான் முதலில் வேலைபார்த்த பகுதியில் ஒரு பைபாஸ் நடப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். சைட் ஆபீஸ் குளுகுளு கண்டெய்னர். வாசலில் எனக்கும் ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். அங்கிருந்த பொறியாளருக்கு என் மகள் வயது. மரியாதையாக உட்காரவைத்து, டேப்லெட்டில் ரிஸ்க் ரிஜிஸ்டரைக் காட்டினார். 112 வரி. கரிசல் மண் வரியில் சுண்ணாம்புக் கலப்பு, ஊதாத மண் படுகை, சோதனை எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ரெண்டு அடிக்கு மேலேயே போட்டிருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது, பொய் சொல்வானேன்.

“இந்த வரி மட்டும் என்னம்மா, இந்தி பேர் வருது?” என்றேன்.

“ஐயோ சார், பழைய புராஜெக்ட்லேர்ந்து காப்பி பண்ணினது. நிலச்சரிவுன்னு போட்டிருக்கும். இங்க மலையே இல்ல. எடுக்கணும்” என்று சிரித்தார்.

மழைக்கு மூன்று பெருக்கல் நான்கு, பன்னிரண்டு, மஞ்சள். பொறுப்பாளர் கட்டத்தைப் பார்த்தேன். ஒரு பதவியின் பெயர் இருந்தது. அந்தப் பதவியில் இருந்தவர் ஜூலையிலேயே மாற்றலாகிப் போய்விட்டாராம். புதியவர் இன்னும் சேரவில்லை. வெளியே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. கண்டெய்னருக்குப் பின்னால், புதிதாகக் கொட்டிய கரையின் சரிவில், ஒடிசாப் பையன்கள் இரண்டு பேர் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.